கேற்றடியில் ஒரு சொல்

விடியக்காலையில் வாய் திறக்கும் மனிதர்களை எனக்குப் பிடிக்காது. ஜேர்மனியில் இருபது வருடம் தொழிற்சாலைப் பேருந்தில் வாயை மூடிக்கொண்டு போய் வந்தவன் நான். அங்கே அதற்குப் பெயர் மரியாதை. லண்டனுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கத்தை நான் விடவில்லை. நல்லவேளையாக என் சகலன் சுவீடனிலிருந்து வந்தவர். பேசாமலிருப்பதில் அந்த நாட்டுக்காரர் ஜேர்மன்காரரையே தோற்கடித்துவிடுவார்கள்.

என் மனைவியும் அவர் மனைவியும் அக்கா தங்கை. பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று இரண்டு குடும்பமும் ஐரோப்பாவை மூட்டை கட்டிக்கொண்டு வந்து, தென் லண்டனில் மிச்சம் (Mitcham) என்ற பகுதியில் ஒரே தெருவில் குடியேறினோம். நான் விமான நிலையத்துப் பக்கம் வான் வண்டியில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறவன். அவருக்கு ஹவுன்ஸ்லோவில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் ஒரு கம்பனியில் வேலை. இருவருக்கும் ஒரே வழி. விடிவதற்கு முன் அவரை ஏற்றிக்கொண்டு போய்க் கம்பனி வாசலில் இறக்கிவிட்டு நான் என் வேலைக்குப் போவேன். போகும் வழியெல்லாம் அவர் கண்ணாடியில் தலை சாய்த்து நித்திரை கொள்வார். நான் வாகனம் ஓட்டுவேன். அதைவிட நல்ல உறவு உலகத்தில் இல்லை.

அது கெட்டது ஒரு சித்திரையில். வருசப்பிறப்புக்கு அடுத்த கிழமை. மனிதர் நித்திரை கொள்ளாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"அண்ணை, ஜேர்மனியிலை மொபைல் போனுக்கு என்ன சொல்லுறவை?"

"ஹாண்டி."

"அது இங்கிலீஸ் சொல்லோ?"

"இங்கிலீஸ் எண்டுதான் அவை நினைச்சுக்கொண்டிருக்கினம். இங்கை வந்து சொன்னா ஒருத்தனுக்கும் விளங்காது."

அவர் சிரித்தார். சுவீடனில் அந்தக் காலத்து வோக்மனுக்கு 'ஃப்ரீஸ்டைல்' என்று பெயராம். நானும் சிரித்தேன். அதோடு அவருக்கு நித்திரையும் எனக்கு அமைதியும் போனது. அன்று தொடங்கிய விளையாட்டு நாள்தோறும் நடந்தது. ஆங்கிலேயன் ஏற்றுமதி செய்த சொற்களை நாங்கள் இருந்த நாடுகள் எப்படியெல்லாம் உருமாற்றி வைத்திருந்தன, அவற்றை நம்பிக்கொண்டு லண்டனுக்கு வந்த நாங்கள் எங்கெங்கே முகத்தில் அடி வாங்கினோம் என்பதுதான் பேச்சு.

என் கணக்கில் முதல் அடி நோர்பரியில் ஒரு தமிழ்க் கடையில் விழுந்தது. லண்டனுக்கு வந்த புதிது. மனைவி அப்போது ஒரு ஜேர்மன் கம்பனிக்கு வீட்டிலிருந்தே கணினியில் வேலை செய்தாள். அதற்கு அங்கே 'ஹோம் ஒபிஸ்' என்று பெயர். கடைக்கார அம்மா, "மனிசி வரேல்லையோ?" என்று கேட்டார். "இல்லை, அவ ஹோம் ஒபிஸிலை நிக்கிறா" என்றேன். கடை அப்படியே அடங்கிப் போனது. மரவள்ளிக்கிழங்கு தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். கடைக்கார அம்மா நெஞ்சில் கையை வைத்தார். "ஐயோ தம்பி, எப்ப பிடிச்சவங்கள்?" இந்த நாட்டில் அந்தப் பெயர் அகதி மனுக்களை விசாரிக்கும், ஆட்களைப் பிடித்து விமானம் ஏற்றும் அமைச்சுக்கு உரியது என்று எனக்கு அன்றைக்குத்தான் முழுதாக உறைத்தது.

அவருடைய கதை இதைவிட மோசம். கைக்குழந்தையைப் பார்க்க வீட்டுக்கு வந்த சுகாதாரத் தாதி, தனியாக இருக்கும்போது எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறாள். சுவீடனில் 'பேபிசிட்டர்' என்றால் குழந்தையைக் கிடத்தி ஆட்டும் சாய்வுக் கதிரை. இவர் நல்ல பிள்ளையாக, குளிக்கும் நேரம் பேபிசிட்டரிடம் விட்டுவிடுவேன் என்றிருக்கிறார். பேபிசிட்டருக்கு என்ன வயது என்று கேட்டாளாம் தாதி. "பழசுதான். அக்காவின்ர பிள்ளையளும் பாவிச்சது. கால் ஒண்டு கொஞ்சம் உடைஞ்சு போச்சு, நான் ஒட்டுற ரேப் சுத்தி வைச்சிருக்கிறன்" என்று இவர் பதில் சொல்ல, அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எனக்குச் சிரிப்பில் கண் மறைத்து, வானை ஓரம் கட்ட வேண்டியதாயிற்று.

பிறகு நான் மகளுக்குத் தோளில் குறுக்காகப் போடும் பை வாங்கப் போன கதையைச் சொன்னேன். ஜேர்மனியில் அதை 'பொடி பாக்' என்று விற்பார்கள். லண்டன் கடையில் நின்றிருந்த இளம்பெண்ணிடம், பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு பொடி பாக் வேண்டும் என்று கேட்டேன். அவள் முகம் போன போக்கை இப்போதும் மறக்க முடியவில்லை. இங்கே அது பிணத்தைப் போட்டு மூடும் பை. தமிழனாகிய எனக்காவது பொறி தட்டியிருக்க வேண்டும். நாங்களும் லேசுப்பட்டவர்களா? ஆங்கிலத்தில் உயிருள்ளவனுக்கும் பொதுவாக இருந்த சொல்லை எடுத்து, "பொடி எப்ப எடுக்கினம்?" என்று செத்தவனுக்கு மட்டும் ஒதுக்கி வைத்தவர்கள்தானே.

இப்படியே பார்த்துக்கொண்டு போனதில் எனக்கு ஒன்று பிடிபட்டது. அந்தப் பக்கம் சிரித்துக்கொண்டு திரிந்த சொற்கள், கடலைத் தாண்டி இந்தப் பக்கம் வந்ததும் கறுத்துப் போகின்றன. வீட்டு வேலை பொலிஸ் வேலையாகிறது. பிள்ளையின் பை பிணத்தின் பையாகிறது. இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "ஓம் அண்ணை" என்றார், வெளியே பார்த்துக்கொண்டு.

எனக்கு எரிச்சல் தந்தது ஒன்றே ஒன்று. கம்பனிக் கேற்றடிக்கு வந்ததும் மனிதர் இறங்கமாட்டார். "இன்னும் ஒரு சொல் கிடக்கு அண்ணை" என்பார். வாசல் முழுக்க இரட்டை மஞ்சள் கோடு. வண்டி நின்றால் தண்டம் கட்ட வேண்டும். "நாளைக்குச் சொல்லும், இப்ப இறங்கும்" என்று கத்துவேன். அவர் மெதுவாக பெல்ற்றைக் கழற்றி, மெதுவாகச் சாப்பாட்டுப் பையை எடுத்து, மெதுவாகக் கதவைத் திறப்பார். கேற்றுக்குப் பக்கத்தில் நாலைந்து பேர் சிகரெட் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். எல்லாம் எங்கள் தமிழ் ஆட்கள். இவர் இறங்கியதும் பேச்சை நிறுத்துவார்கள். கடந்து போன பிறகு சிரிப்புக் கேட்கும். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கியரை மாற்றிக்கொண்டு போனேன். வேலை இடத்தில் சிரிப்பது குற்றமா?

இலை உதிரத் தொடங்கிய ஒரு காலையில், அதே கேற்றடியில் அவர் சொன்னார்: "அண்ணை, ஒரு சொல். மொபிங். சுவீடனிலை இருக்கு. ஜேர்மனியிலை இருக்கோ?"

என் கை கியரில் நின்றது. அந்தச் சொல் அங்கேயும் இருந்தது. நாங்கள் சேர்த்த சொற்களிலேயே அந்த ஒன்றுக்குத்தான் இரண்டு நாட்டிலும் ஒரே பொருள். வேலை இடத்தில் எல்லோரும் சேர்ந்து ஒருவனைக் குறிவைத்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உடைப்பது. எங்கள் தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் அதைப் பற்றி ஒரு அறிவிப்பே ஒட்டியிருந்தது. அப்படி உடைக்கப்பட்ட ஒருவரை நான் பார்த்தும் இருக்கிறேன். போர்த்துக்கல்காரர். காலை வணக்கத்துக்குக்கூட யாரும் பதில் சொல்லாமல் ஒரு வருடம் வேலை செய்தார். ஒருநாள் முற்றத்தின் நடுவே போய் நின்றவர், அம்புலன்ஸ் வரும்வரை அசையவில்லை.

"ஏன் கேக்கிறீர்?" என்றேன்.

"சும்மா. விளையாட்டுக்குத்தான்" என்று இறங்கிப் போனார். சிகரெட் புகைக்குள் அந்தச் சிரிப்பு மறுபடி கேட்டது. இம்முறை நான் உடனே கியரை மாற்றவில்லை.

மறுநாள் வாகன நெரிசலில் வைத்து விடாப்பிடியாகக் கேட்டேன். கோழி கிளறுவது போலக் கிளறித்தான் எடுக்க வேண்டியிருந்தது. கம்பனியில் பெரிய குளிரறை ஒன்று இருக்கிறது. உறைந்த சாப்பாட்டுப் பெட்டிகள் அடுக்கிய, ஒரு வீடளவு பிரீசர். உள்ளே ஒருவர் போனால் வெளியே கதவடியில் இன்னொருவர் நிற்க வேண்டும் என்பது சட்டம். ஆள் மிச்சம் பிடிக்க சுப்பவைசர் கதவடி ஆளை அடிக்கடி வேறு வேலைக்கு அனுப்பிவிடுவார். பாதுகாப்பைப் பார்வையிட ஒரு அதிகாரி வந்து, கதவடியில் எப்போதும் ஆள் நிற்கிறதா என்று ஒவ்வொருவராகக் கேட்டிருக்கிறான். எல்லோரும் "ஓம், எப்பவும்" என்றார்கள். என் சகலன் ஒருவர் மட்டும், "சில நேரம் இல்லை" என்றார்.

"ஏனப்பா அப்பிடிச் சொன்னீர்?"

"அவன் கேட்டான் அண்ணை. கேட்டா உள்ளதைச் சொல்லுறதுதானே?"

சுவீடன் அவருக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான். அதிகாரி கேட்டால் உண்மையைச் சொல், அதிகாரி திருத்துவான். லண்டனில் எங்கள் ஆட்களுக்கு வேறு பழக்கம். அதிகாரி கேட்டால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல். பிழை இருந்தால் நமக்குள்ளே கதைத்துத் தீர்த்துக்கொள். அந்த சுப்பவைசரும் எங்கள் ஆள்தான். கோயிலில் முன்வரிசையில் நிற்பவர். என் சகலனுக்கு அந்த வேலையை எடுத்துத் தந்தவரே அவர்தான்.

அதிகாரி போன பிறகு இவருக்குப் பெயரே இல்லாமல் போனது. 'சுவீடன்' என்று கூப்பிட்டார்கள். சாப்பாட்டு மேசையில் இவர் உட்கார்ந்தால் எழும்பிப் போனார்கள். சாப்பாட்டுப் பெட்டியைப் பிரீசரில் வைத்துக் கல்லாக்கிக் கொடுத்தார்கள். தடித்த ஜக்கெட்டை ஒளித்துவைத்தார்கள்.

"கதவு?" என்றேன்.

அவர் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஒரு ரெண்டு தரம் சாத்தினவங்கள். உள்ளுக்கை திறக்கிற பிடி இருக்கண்ணை. ஆனா வெளியாலை ட்ரொலியைத் தள்ளிவிட்டா அது வேலை செய்யாது. கொஞ்ச நேரத்திலை திறந்துவிட்டவங்கள். பகிடிக்கு."

"பகிடியோ? மேலிடத்திலை போய்ச் சொல்லும்!"

"என்னெண்டு சொல்லுறது? இங்கை அதுக்குப் புல்லியிங் எண்டுதானே பேர். என்ர மகளின்ர பள்ளிக்கூடச் சுவரிலை எழுதி ஒட்டியிருக்கு, கரடிக்குட்டிப் படம் போட்டு. நாற்பத்தேழு வயசிலை நான் போய், சேர், என்னைப் புல்லி பண்ணுறாங்கள் எண்டு சொல்லுறதோ?"

வெட்கம் என்றால் என்ன என்று அந்தக் காதுகளில் பார்த்தேன். நுனி வரை சிவந்திருந்தன.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் கெட்டவள் இல்லை. தங்கை குடும்பத்துக்காக உயிரையும் விடுவாள். அதனால்தான் எங்கள் முறைப்படி அதைத் தீர்க்கப் பார்த்தாள். "வேலை எடுத்துத் தந்த மனிசனைப் பற்றி வெள்ளையிட்டைப் போய்ச் சொல்லுறதோ? எனக்கு அவரின்ர மனிசியைத் தெரியும். எங்கட சின்னவளின்ர பிறந்தநாளுக்குக் கூப்பிடுவம். சாப்பிட்டுக் கதைச்சா எல்லாம் சரியாப் போயிடும்."

"வேண்டாம்" என்றேன். "நீர் சொன்னா, இவர் வீட்டிலை கதைச்சிட்டார் எண்டு அந்தாளுக்குத் தெரிஞ்சுபோடும்." ஆனால் அக்காவும் தங்கையும் சேர்ந்து முடிவெடுத்த பிறகு என் பேச்சு எங்கே எடுபட்டிருக்கிறது?

சுப்பவைசர் வந்தார். வெள்ளைச் சட்டை, திருநீறு, பிள்ளைக்குப் பெரிய பொம்மை. மனைவி கோயிலில் வைத்து அவர் மனைவியிடம் ஏற்கெனவே எல்லாம் சொல்லியிருந்தாள். ஆட்டிறைச்சியும் புட்டும் வயிறு நிறையச் சாப்பிட்டார். கேக் வெட்டி முடிந்ததும் என் சகலனின் தோளில் கையைப் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "தம்பிக்கு எங்களிலை கோவமாம். பெடியள் பகிடி விட்டா அழுறாராம்."

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் நிம்மதியாகச் சிரித்தாள். அவள் தங்கை, என் மச்சாள், சிரித்தாள். பிள்ளைகள் ஏனென்று தெரியாமல் சிரித்தார்கள். தோளில் கையோடு நின்ற என் சகலனும் சிரித்தார். நான் அந்தக் கையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். மோதிரம் போட்ட விரல்கள் அவர் தோளை மெதுவாக அமுக்கிக்கொண்டிருந்தன.

வாசலில் சப்பாத்துப் போடும்போது அந்த மனிதர் திரும்பிப் பார்த்தார். "நாளைக்கு நல்லா உடுத்திக்கொண்டு வாரும் தம்பி. உள்ளுக்கை குளிர் கூட."

மனைவி கதவைச் சாத்திவிட்டு வந்து, "பாத்தீங்களோ, எவ்வளவு அக்கறை" என்றாள்.

அடுத்த நாள் கேற்றடியில் அவர் ஒரு சொல்லைத் தொடங்கினார். என்ன சொல் என்று எனக்குத் தெரியாது. பின்னால் ஒரு லொறி ஹோர்ன் அடித்தது. "இறங்கும், இறங்கும்" என்றேன். இறங்கினார். அன்று அந்த நாலைந்து பேரும் சிரிக்கவில்லை. ஒதுங்கி வழி விட்டார்கள். அது எனக்கு அந்தச் சிரிப்பைவிடவும் பிடிக்கவில்லை.

மதியத்துக்கு முன் தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. ஒரு பெண் உடைந்த ஆங்கிலத்தில், உன் சகோதரன் இங்கே இருக்கிறான், வா என்றாள். எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. கேற்றுக்கு வெளியே நடைபாதை விளிம்பில் வெள்ளித்தாள் போன்ற போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே மெல்லிய சட்டை மட்டும். புருவத்தில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்து உருகிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற பெண் அங்கே ட்ரொலி கழுவுகிறவள், ருமேனியாக்காரி. பிரீசர் கதவடியில் இடம் மாறி நின்ற ட்ரொலியைத் தள்ளப் போனபோது உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்டதாம். சின்னச் சத்தம் என்றாள்.

வானுக்குள் ஏற்றி ஹீட்டரைக் கூட்டி, அவர் கைகளை என் கைகளுக்குள் வைத்துக்கொண்டேன். மெழுகு போல இருந்தன. எவ்வளவு நேரம் உள்ளே நின்றீர் என்று கேட்டேன். தெரியாது என்றார். பற்கள் அடித்துக்கொண்டன.

"சொல்லுகளை யோசிச்சுக்கொண்டு நிண்டனான் அண்ணை. ஹாண்டி, ஃப்ரீஸ்டைல், பேபிசிட்டர். ஒவ்வொண்டாச் சொல்லிக்கொண்டு. நித்திரை வந்திடக்கூடாதெண்டு."

நான் அழுதேன். மறைக்க ஒன்றுமில்லை. அழுது முடித்த பிறகு உள்ளே போய் அந்த வெள்ளைச் சட்டைக்காரனின் கழுத்தைத் திருக வேண்டும் போலிருந்தது. அவர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம். நான் சொல்லுறன். நானே சொல்லுறன்."

ஆஸ்பத்திரியில் விரல்கள் தப்பிவிடும் என்றார்கள். அந்த வார முடிவுக்குள் கம்பனி மனேஜர், ஆங்கிலேயப் பெண்மணி, விசாரணைக்குக் கூப்பிட்டாள். துணைக்கு ஒருவரைக் கூட்டி வரலாம் என்றதால் நான் போனேன். அறைக்கு வெளியே நடையில் காத்திருந்தபோது சுப்பவைசர் எங்களைக் கடந்து போனார். நின்று, குனிந்து, மிக மெதுவாகச் சொன்னார்: "பகிடிதானே தம்பி. எங்கட சனத்தைக் காட்டிக் குடுக்கிறதோ? ஒரே கோயில், ஒரே கடை. எங்கை போகப் போறீர்?"

என் சகலன் எழும்பினார். உள்ளே போனோம். மனேஜர் கேட்டாள். அவர் மேசையைப் பார்த்தார். கட்டுப் போட்ட விரல்களைப் பார்த்தார். அவர் சொல்லமாட்டார், பகிடி என்று சொல்லிவிட்டு எழும்பிவிடுவார் என்றே நினைத்தேன். பிறகு, கரடிக்குட்டிப் படம் போட்ட அந்தச் சிறுபிள்ளைச் சொல்லை, நாற்பத்தேழு வயதில், ஆங்கிலத்தில் சொன்னார். தன்னை இங்கே புல்லி பண்ணுகிறார்கள் என்றார். காது சிவந்தது. ஆனால் குரல் உடையவில்லை.

மனேஜர் சிரிக்கவில்லை. எப்போதிருந்து என்று கேட்டாள்.

அவர் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். தமிழில் சொன்னார், நான் மொழிபெயர்ப்பேன் என்று நினைத்தோ என்னவோ: "வருசப்பிறப்புக்கு அடுத்த கிழமையிலை இருந்து, அண்ணை."

என்னால் மொழிபெயர்க்க முடியவில்லை. அந்தக் கிழமைதான் அவர் என் வானில் நித்திரையை விட்டது. அந்தக் கிழமைதான் ஹாண்டி என்றால் என்ன என்று கேட்டது. நான் கண்ணில் நீர் வரச் சிரித்த காலைகள் முழுவதும் அவர் அந்தக் கேற்றை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறார். இன்னும் ஒரு சொல், இன்னும் ஒரு சொல் என்று, இறங்குவதற்கு முன் கிடைக்கிற நிமிடங்களைத்தான் என்னிடம் கேட்டிருக்கிறார்.

விசாரணை முடியும்வரை சுப்பவைசரை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். மற்றவர்கள், கூப்பிட்டுக் கேட்டபோது, கதவடியில் எப்போதும் ஆள் நின்றதாகவே சொன்னார்களாம். நோர்பரிக் கடைக்கார அம்மா எங்களுக்கு வெண்டிக்காய் நிறுத்துத் தந்தார், முகத்தைப் பார்க்காமல். என் மனைவி கோயிலுக்குப் போய் வந்து, யாரும் கதைக்கவில்லை என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

கைக் கட்டு அவிழ்த்த பிறகு அவர் மறுபடி வேலைக்குக் கிளம்பினார். வேறு வேலை கிடைக்கும்வரை வேறு வழியில்லை. நான்தான் கொண்டுபோனேன். கேற்றடியில் அதே நாலைந்து பேர், அதே புகை. எங்கள் வானைக் கண்டதும் பேச்சு நின்றது. ஒருவன் சிகரெட்டைக் காலில் நசுக்கிவிட்டு எங்களைப் பார்த்தபடியே நின்றான்.

அவர் பெல்ற்றில் கையை வைத்தார். கழற்றவில்லை.

"ஒரு சொல் கிடக்கு அண்ணை" என்றார்.

பின்னால் ஹோர்ன் அடித்தது. நான் இரட்டை மஞ்சள் கோட்டின் மேலேயே வானை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன்.

"சொல்லும்" என்றேன். "எல்லாத்தையும் சொல்லும்."